மதாம்மாவின் கிறிஸ்மஸ் பிரெண்ட்

திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதம் குளிரும் என்று நம்பிய ஒரே ஆள் ஹிலாரி மதாம்மாதான். ஏசியைப் பதினெட்டில் வைத்துக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வாள். பிளாஸ்டிக் மரத்தில் பஞ்சை ஒட்டிப் பனி என்பாள். அவள் புருஷன் கிரகாம் சாய்ப்புக்கு ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். இங்கிலாந்திலிருந்து வந்து சாஸ்தமங்கலத்தில் வீடு எடுத்த பிறகு இது மூன்றாவது கிறிஸ்மஸ். டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த வீட்டில் விருந்து ஓயாது. அத்தனை விருந்துக்கும் அடுப்படியில் கிடந்து வேகிறவள் அஜிதா.

அஜிதாவுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. போன கிறிஸ்மஸ் விருந்தில் நடந்ததை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அன்றைக்கு மதாம்மாவின் வைர மோதிரத்தைக் காணவில்லை. இருபது விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, மதாம்மா அடுப்படியிலிருந்து அஜிதாவின் பையைத் தூக்கிப்போய்ச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, தைலக் குப்பி, மாற்றுச்சேலை, மகளுக்கென்று பொதிந்து வைத்திருந்த ஒரு துண்டு கேக். மோதிரம் இல்லை. ஆனால் மோதிரம் இல்லாததை யார் பார்த்தார்கள்? எல்லோரும் கேக்கைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மோதிரம் கிடைத்தது. விருந்துக்கு முந்தின நாள் குளிர் அனுபவிக்கிறேன் என்று பொன்முடிக்குப் போனவள், கையுறையைக் கழற்றும்போது மோதிரத்தையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறாள். கையுறையின் விரலுக்குள் அது பத்திரமாக இருந்தது. மதாம்மா அடுப்படிக்கு ஓடிவந்து அஜிதாவைக் கட்டிப்பிடித்து, "ஸாரி, ஸாரி" என்று அழுது, ஒரு சாக்லேட் டப்பாவைக் கையில் திணித்தாள். பழி போட்டது கூடத்தில், இருபது பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது அடுப்படியில், மிக்ஸிக்கு முன்னால்.

வந்தவர்களிடமும் சொல்லிவிடுங்கள் என்று அஜிதா கெஞ்சிக் கேட்டாள். "அதெல்லாம் அவர்கள் எப்போதோ மறந்திருப்பார்கள், அஜிதா" என்றாள் மதாம்மா.

யாரும் மறக்கவில்லை. அஜிதா காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அடுத்த வீட்டு ஷைலஜா டாக்டர், இனி வரவேண்டாம் என்றாள். அந்த இடத்துக்கு வந்த தாசம்மாளும் அஜிதாவும் ஒரே சபை. செய்தி சபைக்கும் போயிற்று. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பிடித்தவள் அஜிதா. ஜனவரியில் அந்தப் பை ஒரு பேச்சுமில்லாமல் தாசம்மாள் கைக்குப் போனது. மோதிரம் கிடைத்துவிட்டது என்று அஜிதா சொல்லாத ஆளில்லை. கள்ளி வேறென்ன சொல்வாள் என்று கேட்டுக்கொண்டார்கள். வேலையை விட்டால் ஓடிப்போனாள் என்பார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

இந்த வருஷம் மதாம்மாவுக்குப் புதுக் கிறுக்குப் பிடித்தது. இங்கே பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் நடக்கிற கிறிஸ்மஸ் பிரெண்ட் விளையாட்டை யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்க வேண்டும். நம் கைக்கு யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் பிரெண்ட். யாரென்று காட்டிக்கொள்ளாமல் அவருக்கு டாஸ்க் எழுதிப் போடலாம். பாட்டுப் பாடு, சிவப்புச் சட்டை போடு என்று. கடைசி டாஸ்க் விருந்தன்று. அது முடிந்ததும் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும்.

"என் வீட்டில் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று அஜிதாவையும் டிரைவர் விஜய்குமாரையும்கூட மதாம்மா சேர்த்துக்கொண்டாள். சட்டமும் அவளே போட்டாள். டாஸ்க்கை எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லக்கூடாது.

அஜிதாவுக்கு வந்தது யாரோ ஒரு பேங்க் மேனேஜர். விஜய்குமார் தன் சீட்டைப் பிரித்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"எக்கா, எனக்கு மதாம்மையாக்கும் விழுந்திருக்கு. இவியளுக்கு நான் என்னத்த எழுத?"

"இஞ்ச கொண்டா. என் சீட்ட நீ எடுத்துக்க."

"உள்ளதாட்டா சொல்லுதிய?"

"கொண்டாலே!"

அஜிதா பத்தாம் வகுப்பு பாஸ். இங்கிலீஷைப் பெரிய எழுத்தில் அழகாக எழுதுவாள். மதாம்மாவுக்கு அது தெரியாது. மூன்று வருஷமாகச் சாமான் லிஸ்டில் தக்காளிக்குப் படம் வரைந்து அஜிதாவிடம் கொடுக்கிறவள் அவள்.

நடையில் வைத்த பெட்டியில் டாஸ்க் விழ ஆரம்பித்தது. நாளைக்குச் சேலை உடுத்துங்கள் என்று மதாம்மாவுக்கு வந்தது, உடுத்தினாள். கட்டிவிட்டதும் அஜிதாதான். தெருக் குழந்தைகளுக்கு முன்னால் ஆடுங்கள் என்று வந்தது, ஆடினாள். ஷைலஜாவுக்குத்தான் இந்தக் குறும்பு வரும் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே அஜிதா கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நல்ல டிசம்பர் அவளுக்கு வந்ததே இல்லை.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் விருந்து. போன வருஷம் வந்த அதே முகங்கள். மதாம்மா நடுக்கூடத்தில் நின்று கடைசி டாஸ்க்கைப் பிரித்தாள். அஜிதா அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"சென்ற கிறிஸ்மஸில் தொலைந்த உங்கள் மோதிரம்..." என்று உரக்கத் தொடங்கிய குரல் அங்கேயே நின்றது. முகம் சுண்டிப்போயிற்று.

"வாசி, வாசி!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்துப் புரியவில்லை என்றாள் மதாம்மா. இதுவும் போனால் அஜிதா சாகிறவரைக்கும் கள்ளிதான். அதற்குள் வைனில் சிவந்திருந்த கிரகாம் சாய்ப்பு, "சட்டம் போட்டது நீதானே" என்று காகிதத்தைப் பிடுங்கித் தானே வாசித்தார்.

"...உங்கள் மோதிரம் எங்கே கிடைத்தது? என்றைக்குக் கிடைத்தது? அதை யார் எடுத்திருந்தார்கள்? எல்லோருக்கும் சொல்லுங்கள்."

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கைதட்டல் நின்றுவிட்டது.

"உண்மையிலேயே கிடைத்துவிட்டதா?" என்று கேட்டாள் ஷைலஜா டாக்டர்.

"என் கையுறைக்குள்" என்றாள் மதாம்மா. குரல் அவளுக்கே கேட்டிருக்காது. "மூன்றாம் நாள். யாரும் எடுக்கவில்லை."

அஜிதா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நிமிர்ந்து நின்றாள். "ஐ ஆம் யுவர் கிறிஸ்மஸ் பிரெண்ட், மேடம்."

மதாம்மா உடைந்து அழுதாள். அப்புறம் நடந்ததுதான் அஜிதா எதிர்பார்க்காதது. அத்தனை பேரும் மதாம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முதுகைத் தடவினாள், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். பாவம், ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்து எப்படி வெந்திருப்பாள் என்றாள் பேங்க் மேனேஜரின் மனைவி. பையைக் கவிழ்த்த அன்று அஜிதா பக்கம் ஒரு கைகூட நீளவில்லை.

மதாம்மா கண்ணீரோடு கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். அஜிதா ஓரடி பின்னால் வைத்தாள்.

"போட்டெ அஜிதே" என்று மலையாளத்தில் மன்னிக்கச் சொன்னாள் ஷைலஜா டாக்டர். "கிறிஸ்மஸல்லே? க்ஷமிச்சேக்கு."

"மொதல்ல ஒரு காரியம், டாக்டரே. இண்ணைக்குக் கேட்டத தாசம்மாள்ட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும். பின்னே க்ஷமிக்கிற காரியம். மூணாம் நாளு கெடச்ச மோதிரத்த சொல்லதுக்கு மேடத்துக்கு ஒரு வருஷம் வேண்டி வந்துச்சு. எனக்கும் ஒரு வருஷம் வேணும். அடுத்த கிறிஸ்மஸுக்கு இதே ஆளுவள எல்லாரையும் கூப்பிடச் சொல்லுங்க. அண்ணைக்கு வந்து சொல்லுதேன், மன்னிச்சேனா இல்லியான்னு."

அதையே நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் மதாம்மாவுக்கும் சொன்னாள். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கினாள். அடுப்படி ஓவனில் வாத்து வெந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் அதை வெளியே எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.