நாலாம் வார்டின் நீலத் துணி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, நடந்ததில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதி ஒரு துணியால் வந்தது.

எங்கள் ஆய்வு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே, 'டிஜிட்டல் மனிதவியல் பிரிவு' என்று ஒரு பலகை இருக்கும். நான் மனுஷர்களை டிஜிட்டலாக மாற்றுவதாக என் அக்கா உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நிஜத்தில் நாங்கள் நாலு பேர் பழைய காகிதங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி, ஓர் ஆள் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் படித்து முடியாததை அதன் உதவியோடு படிக்கிறோம். நான் தலைவி. படம் எடுப்பவர் போட்டோக்காரர். புரோகிராம் எழுதுகிறவர் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் அவருக்கு 'மியூட்' என்று பெயர். பழைய கையெழுத்துகளைக் கண்ணால் படித்துச் சொல்பவர் ஒரு அம்மாள். பூதக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே சாப்பிடப் போவார், அதனால் அவர் 'லென்ஸ்'.

நாங்கள் கையில் எடுத்தது ஒரு பழைய மருத்துவமனையின் கடிதங்கள், பதினோராயிரம். எழுதத் தெரியாத நோயாளிகள் சொல்லச் சொல்ல, வார்டில் வேலை பார்த்தவர்கள் எழுதி வீட்டுக்கு அனுப்பியவை. விலாசம் கிடைக்காமல் திரும்பி வந்து பரணில் கிடந்தவை. சொன்னவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. கையெழுத்தை வைத்து எழுதியவர்களைப் பிரிக்க மியூட் ஒரு புரோகிராம் செய்தார். அது நாலாம் வார்டுக் கடிதங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே கை என்றது. தேதிகளைப் பார்த்தால் நாற்பத்து மூன்று வருடம். ஒரே மனுஷி நாற்பத்து மூன்று வருடம் ஒரே வார்டில் அடுத்தவர் துக்கத்தை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? அவளுக்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்தோம். மனுஷி என்பதற்கே ஆதாரம் கிடையாது. ஆசை வந்த பிறகு ஆதாரத்தை யார் தேடுகிறார்கள்?

லென்ஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஏழெட்டுப் பேருடைய கை இருக்கிறது என்றார். நான் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, "நீங்க இருநூறு பாத்திருப்பீங்க. அது பதினோராயிரம் பாத்திருக்கு" என்றேன். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிரிவு இன்னும் மூன்று வருடம் நடக்குமா, இல்லை கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் வேறு வேலை தேடுவதா என்பதை முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. எங்கள் இயக்குநர் அந்தக் குழுவுக்கு அனுப்பியிருந்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெரியம்மா உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், சுவரில் மாட்டுவதற்காக அச்செடுத்த நாற்பது படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். பாதி பெரியம்மாவுடையது, பாதி மற்றவர்களுடையது, எல்லாம் கலந்து. நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே அவற்றை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்தார். அவர் தையல்காரர், வீட்டுக்குக் கீழேயே கடை. கை சும்மா இருக்காது. கலைத்துவிட்டாரே என்று கத்தப் போனேன்.

"கலைக்கல, பிரிச்சேன்" என்றார். "காகிதத்துக்கு அடியில துணி விரிச்சிருக்கீங்கல்ல? இந்த அடுக்கு வெல்வெட், கறுப்பு. இது பருத்தி, கருநீலம். இழை தெரியுது பாரு."

படங்களின் முதுகில் நாங்கள் குறித்திருந்த எண்களைத் திருப்பிப் பார்த்தேன். பருத்தி அடுக்கில் இருபது படம், இருபதும் பெரியம்மா. வெல்வெட்டில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் என் வீட்டுக்காரர் செய்த வேலையைத்தான் எங்கள் புரோகிராமும் செய்திருந்தது. நாலாம் வார்டில் அது கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் தெரிந்த துணியைப் பார்த்திருக்கிறது.

 வழக்கம்போலக் கோபம் வந்தது. கேட்காமல் துணியை மாற்றிய போட்டோக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்றுதான் அலுவலகத்துக்குப் போனேன். அவர் தன் பதிவேட்டைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைக் காட்டினார். 'நாலாம் வார்டு. காகித ஓரம் கருகியிருக்கிறது, கறுப்பில் தெரியவில்லை. அது முடியும்வரை நீலத் துணி போடவும்.' கீழே என் கையெழுத்து. பதினோராயிரம் கடிதங்களில் யார் கை எது என்று தேடிய எனக்கு என் கையை அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.  "வியாழன் முடியட்டுமே. வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்ச மாதிரி வெச்சுக்கலாம்" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

வழியில் லென்ஸின் மேஜை. அவர் அன்றும் நாலாம் வார்டுக் கடிதம் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னோடது. அன்னிக்கு உங்களை அப்படிப் பேசினதும் தப்பு" என்றேன். இப்படிப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் வாயை அடைத்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. நானூற்றுப் பன்னிரண்டையும் கண்ணாலேயே பார்த்து எட்டுக் கைகளாகப் பிரித்து வைத்திருந்தார்.

முழுப் பூசணிக்காய் என் கையிலேயே இருந்தது, இதை எந்தச் சோற்றில் மறைப்பது? வியாழக்கிழமையே சொல்லிவிடுகிறேன் என்று இயக்குநருக்கு எழுதிப்போட்டேன். மியூட் எல்லாப் படங்களிலும் ஓரத்தை வெட்டி, எழுத்து மட்டும் தெரியும்படி செய்து, புரோகிராமுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். புதன் சாயங்காலம் அவர் வாயைத் திறந்தார். "எட்டு" என்றார்.

நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்பது கடிதங்கள்தான் இடம் மாறியிருந்தன. நாற்பத்து மூன்று வருடப் பெரியம்மா போய்விட்டாள். ஆனால் அந்த எட்டில் ஒரு கை ஒன்பது வருடம், அறுபத்தொரு கடிதம் எழுதியிருந்தது. அதைப் பற்றி லென்ஸ் குறித்து வைத்திருந்தது எந்தப் புரோகிராமும் சொல்லாதது. நோயாளி சொன்னது முடிந்ததும் ஓர் இடைவெளி விட்டு, எழுதியவர் தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். 'இன்று இரண்டு முறை சிரித்தார்.' 'கால் வீக்கம் வடிந்துவிட்டது, பயப்பட வேண்டாம்.' அறுபத்தொரு கடிதத்திலும். அங்கேயே நின்றபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

வியாழக்கிழமை குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஒரு பேராசிரியை. கெடுபிடிக்காரி என்று கேள்வி. நான் முதல் பக்கத்தைக் கிழிக்காத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். துணியைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். தையல்காரர் என்றதும் குழுவில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இயக்குநர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். பிறகு பேராசிரியை லென்ஸைப் பார்த்து, "இதுல போன வருஷத் தேதி இருக்கே. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?" என்றார். 

 நான் பேசிய பேச்சை லென்ஸ் அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

லென்ஸ் என்னைப் பார்த்தார். "சொன்னேனே. மேடம் கேட்டுக்கிட்டாங்க" என்றார். பிறகு பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி, "கொஞ்சம் லேட்டா" என்றார்.

பேராசிரியை அப்போதுதான் சிரித்தார். நோட்டை மூடி லென்ஸ் கையில் கொடுத்து, மூன்று வருடத்துக்குப் பரிந்துரைப்பதாகவும், தவறையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இயக்குநர் நாலு முறை சொன்னார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன், அவ்வளவு நிம்மதி.

திரும்பி வந்தபோது என் மேஜையில் லென்ஸின் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி, கூட்டத்தில் நடந்தது பற்றி நாலு வரி. அதற்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு, 'இன்று மேடம் யாரையும் திட்டவில்லை, பயப்பட வேண்டாம்' என்று எழுதியிருந்தது.