முதலாளி வெளியில் படுத்த இரவு

தார்ப்பாயில்கூடப் பழசுக்குத்தான் மவுசு என்று அய்யம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பெனி வேனில் வந்து இறங்கிய மேனேஜர் செந்தூர்பாண்டி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அவள் கூரைத் தார்ப்பாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார்.

விஷயம் இதுதான். பட்டாசு முதலாளி ஜெயச்சந்திரன் தலைவராக இருக்கும் சங்கம், எங்கெங்கோ நாடுகளில் வீடிழந்தவர்களுக்கு ஆதரவாக ஒரு ராத்திரி வெட்டவெளியில் படுக்கப் போகிறதாம். விழிப்புணர்வாம். கூடாரத்துக்கு வாங்கிய புதுத் தார்ப்பாய் முதலாளி மகள் பிரீத்திக்குப் பிடிக்கவில்லை. போட்டோவில் நிஜமாகத் தெரியாதாம். வெளுத்தது, ஒட்டுப் போட்டது வேண்டுமாம்.

அய்யம்மாளின் தார்ப்பாய் சும்மா வெளுக்கவில்லை. கம்பெனி குடோனுக்கு லாரி திரும்ப வழியில்லை என்று, நாரணாபுரத்துக்கு வெளியே ஓடைக்கரையிலிருந்த பதினோரு வீடுகளை இதே ஜெயச்சந்திரன் முன்னின்று இடிக்க வைத்து மூன்று மாதமாகிறது. அதில் ஒன்று அவளுடையது; அன்றிலிருந்து இந்தத் தார்ப்பாய்தான் கூரை. அவளும் வீடிழந்தவள்தான் என்று சங்கத்தில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. கடல் தாண்டி இழந்தால்தான் கணக்கில் சேரும் போல.

"மக பச்சை உடம்புக்காரி அண்ணாச்சி. பிள்ளை பிறந்து இருவது நாளுதான் ஆகுது. மழை வேற இருட்டிக்கிட்டு நிக்கி. இன்னைக்கு அவுக்க முடியாது."

"ஒரு ராத்திரிதான அய்யம்மா. விடிஞ்சதும் கொண்டாந்திருதேன். சீசன் நேரம், நாளைக்கு வேலைக்கு வரணும்லா?"

அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் அவள் கயிற்றை அவிழ்த்தாள். மகள் ரோஜா பிள்ளையோடு பக்கத்துக் குடிசையில், வீரலட்சுமி வீட்டு ஆறு பேருக்கு நடுவே போய் ஒண்டினாள்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. வீரலட்சுமி குடிசையும் ஒழுகியது. பிள்ளையின் துணி நனைந்து, அது கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனது. அய்யம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சங்கம் கூடாரம் போட்டிருந்த கல்யாண மண்டபத்து மைதானத்துக்கு நடந்தாள். வழி நெடுக அவள் வைததை இங்கே எழுத முடியாது.

மைதானத்தில் ஈ காக்காய் இல்லை. தூறல் விழுந்ததுமே அத்தனை பேரும் மண்டபத்துக்குள் ஓடிவிட்டார்கள். கண்ணாடி வழியே பார்த்தாள். ஏ.சி. ஓட, கொத்துப் புரோட்டா தின்ற தட்டுகள் கிடக்க, வீடற்றவர்களின் துயரத்தை மெத்தை போட்டு அனுபவித்துக் கொண்டிருந்தார்கள். அவள் தார்ப்பாய் சகதியில் கிடந்தது. எடுத்து உதறினால், நடுவில் சுளகு அகலத்துக்கு ஓட்டை.

"போட்டோவுல வெளிச்சம் விழணும்னு பிரீத்தி பாப்பா வெட்டச் சொல்லிச்சு மதினி," என்றான் வாட்ச்மேன் ஆண்டிச்சாமி. "கேட்டா வேற வாங்கிக் குடுப்பாக."

"எப்ப?"



அய்யம்மாள் மேடையைப் பார்த்தாள். முப்பதடி ஃபிளக்ஸில் ஜெயச்சந்திரன் கைகூப்பிச் சிரித்துக் கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில், 'இன்றிரவு முழுவதும் வெட்டவெளியில், வீடற்றவர்களோடு நான்'. புத்தம் புதுசு, நல்ல கனம். ஒரு சொட்டு இறங்காது. அவள் மேடையேறிக் கயிற்றை அறுத்தாள்.

"முதலாளி படம் மதினி. வேலை போயிரும்."

"போகட்டும். அந்த முனையைப் பிடி."

ஆண்டிச்சாமி மண்டபத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து பிடித்தான்.

விடிகாலையில் மழை ஓயாமல் பெய்தது. அய்யம்மாள் குடிசைமேல் ஃபிளக்ஸ் கிடந்தது, வெள்ளைப் பக்கம் உள்ளே, முதலாளி முகம் வானத்தைப் பார்க்க. அடியில் ரோஜாவும் பிள்ளையும் காய்ந்த துணியில் தூங்கினார்கள். வேனிலிருந்து குடையோடு இறங்கிய செந்தூர்பாண்டி, முதலாளியின் சிரிப்பில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தார்.

"என்ன அய்யம்மா இது, முதலாளியக் கொண்டாந்து இப்படிப் போட்டிருக்கே?"

"ராத்திரி பூரா வெளியில படுக்கேன்னு அவுகதான எழுதி வச்சிருந்தாக," என்றாள் அய்யம்மாள், மெல்லிய குரலில், பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று. "அம்புட்டுப் பேருல அவுக மட்டுந்தான் படுத்தாக. மழைக்காலம் முடியட்டும், எழுப்பி அனுப்புதேன்."