முதல் பக்கத்து முகம்

பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் தலை வாரி, இருந்த ஒரே நல்ல துணியை உடுத்திக்கொண்டேன். சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தாலும், கௌரவமாக வாழ்ந்தவர்கள் என்று தெரிய வேண்டாமா? கொழுந்தன் மனைவி, அதுதான் என் ஓரகத்தி, துணி துவைத்த ஈரக்கையும் கலைந்த தலையுமாகக் குழந்தையோடு வந்து நின்றாள். படம் எடுப்பவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அவள். ‘எல்லாம் இழந்த தாய்’ என்று தலைப்பு. இழந்தது நானும்தான், அவளைவிடக் கூடவே. படத்தைப் பார்த்து மனம் இளகிய ஒருவர் அவள் குடும்பத்துக்குத் தன் வீட்டு மாடியில் ஓர் அறை கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து அறையை எங்களுக்குக் கேட்டாள். வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். என் கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இவள் வாங்கிக் கொடுத்து நான் குடியேறுவதா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். இன்று நாளை என்று நாளைக் கடத்தினேன். என் படமும் வரட்டும், எனக்கென்று ஓர் அறை தானாக வரும்.

அதே பத்திரிகைக்காரர்கள் மறுபடி மண்டபத்துக்கு வந்தார்கள். இந்த முறை தலையைக் கலைத்து, கிழிசலை உடுத்தி, குப்பைத்தொட்டி ஓரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். எங்களைப் பார்க்க வந்திருந்த ஓரகத்தி புது உடுப்பில் பளிச்சென்று இருந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் முதல் பக்கத்தில் நான். பின்னால் குப்பை வழிந்துகொண்டிருந்தது. ‘இன்னும் எத்தனை பேரைத் தாங்கும் இந்த ஊர்?’ என்று தலைப்பு. எங்கள்மேல் இருந்த இரக்கம் அதற்குள் பத்திரிகைக்காரர்களுக்குச் சலித்துவிட்டது போலிருக்கிறது.

சாயங்காலம் ஓரகத்தி வந்தாள். வீட்டுக்காரர் பேப்பரை நீட்டி, பக்கத்து அறைக்கு வரப்போவது இந்த அம்மாவா என்று கேட்டாராம்.

“இல்ல, இது யாரோன்னு சொல்லிட்டேன்க்கா. ஆமான்னா எங்களையும் வெளிய போகச் சொல்லியிருப்பார். இனிமே நீங்க அங்க வரவே கூடாது.”

சொல்லிவிட்டு அழுதாள். ஒரு வார்த்தை திட்டலாம் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் படத்தில் இருந்த அதே முகம். யார் பார்த்தாலும் வீடு கொடுப்பார்கள்.