நாற்பத்தேழில் முடிகிற எண்

லிஃப்ட் மெக்கானிக் காலையில் வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். கையிலிருந்த போன் நாலு மாடி ஆழக் குழிக்குள் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்த அவர் மனைவி, கோர்ட்டில் டைப்பிஸ்ட். டாக்டர் முன்னால் நின்றாள்.

"மூளையில ரத்தக் கசிவு. பக்கத்துல சின்னதா ஒரு கட்டி மாதிரியும் தெரியுது. அது புதுசா, முன்னமே இருந்ததான்னு தெரிஞ்சாகணும். இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்திருக்காரா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி, தலைவலின்னு எடுத்தார். ஒண்ணுமில்லைன்னு சொன்னார்."

ஸ்கேன் சென்டரில் கேட்டால், அவ்வளவு பழசு எங்களிடம் இல்லை, அப்போதே அவர் மெயிலுக்கு அனுப்பிவிட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் பார்க்கலாம். கிடைக்கலைன்னா தலையைத் திறந்துதான் பார்க்கணும்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தன் போனிலேயே அவர் மெயிலைத் திறக்கப் பார்த்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. தன் பெயரைப் போட்டாள். தவறு. மகள் பெயர். தவறு. கல்யாணத் தேதி, பைக் நம்பர், இரண்டும் தவறு. கீபோர்டைப் பார்க்காமலே பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுகிறவள் ஐந்தாம் முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

அதோடு திரை மாறியது. பலமுறை தவறாக முயன்றதால் கணக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது என்றது.

இருந்த ஒரே வழியையும் தன் கையாலேயே அடைத்துவிட்டாளே. அப்போதுதான் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. நாற்பத்தேழில் முடிகிற எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பட்டுமா, அதைப் போட்டால் உடனே திறந்துகொள்ளலாம்.

நாற்பத்தேழா? அது அவர் எண் இல்லை. அவளுடையதும் இல்லை, மகளுடையதும் இல்லை. இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவளை விட நம்பிக்கையான ஆள் அவருக்கு யார்? யோசித்துக்கொண்டே விரல் அதை அழுத்திவிட்டது.

நர்ஸ் கொடுத்திருந்த பையில் அவர் சட்டையும், எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் கோளாறு என்று குறித்து வைக்கும் சின்ன நோட்டும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பத்துப் பதினைந்து எண்கள். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். நாற்பத்தேழு. பக்கத்தில் 'மோட்டார்காரர்' என்று எழுதியிருந்தது.

கூப்பிட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல்.

"யாரு?"

"உங்களுக்கு இப்ப மெசேஜ்ல ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வந்திருக்கும். அது எனக்கு வேணும்."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு இதுலயே போட்டிருக்கே. நீ யாரும்மா முதல்ல?"

அந்த 'யாரும்மா'வின் இழுப்பு காதில் விழுந்ததும் டைப்பிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாகக் கேட்காத குரல். அவள் நாத்தனார்.

மாமியார் செத்த அன்று, "படுக்கையில கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவங்க அழ மட்டும் வந்துட்டாங்க" என்று நாலு பேர் முன்னால் இவள்தான் சொன்னாள். நாத்தனார் அப்படியே எழுந்து போனவள்தான். அவரும் அதன்பிறகு அக்கா என்ற வார்த்தையையே எடுத்ததில்லை. தன் பக்கம் நிற்கிறார் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

"அண்ணி, நான்தான்" என்றாள். "உங்க தம்பி ஆஸ்பத்திரியில இருக்கார். பழைய தலை ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக அவர் மெயிலைத் திறக்கணும்."

ஒவ்வொன்றாக ஆறு எண்ணும் வந்தன. "அந்த ரிப்போர்ட்டா தேடறே? ஸ்கேனுக்கு அவன் கூட நான்தான் போனேன். சின்னதா ஒரு கட்டி, பயமில்லை, வருஷா வருஷம் பாருங்கன்னாங்க. உன்கிட்ட சொல்லுடான்னேன். நீ பயந்துடுவேன்னு மறைச்சுட்டான்."

"இத்தனை வருஷமா பேசிட்டுதான் இருக்கீங்களா?"

"வாரம் ஒரு தடவை. வேலை முடிஞ்சு வர்ற வழியில. சரி, எந்த ஆஸ்பத்திரி?"

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் முகம் தெளிந்தது. கட்டி பழையது, அளவும் மாறவில்லை. இப்போதைக்குத் தலையைத் திறக்க வேண்டாம், கசிவுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். அவளால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வாரம் ஒன்று என்றால் பதினோரு வருஷத்துக்கு எத்தனை என்று மனசு பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. டைப்பிஸ்ட்தான் முதலில் பேசினாள்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசியிருக்கக் கூடாதுதான்" என்றாள் நாத்தனார். "இப்ப ஏதாவது சாப்பிட்டியா?"

மூன்றாம் நாள் அவருக்கு நினைவு வந்தது. கண்ணைத் திறந்தவர், கட்டிலுக்கு இந்தப் பக்கம் மனைவியையும் அந்தப் பக்கம் அக்காவையும் பார்த்தார். அவசரமாக மறுபடி மூடிக்கொண்டார்.

"இன்னும் மயக்கம் தெளியலையோ?" என்று நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"நல்லாவே தெளிஞ்சிருக்கு சிஸ்டர்" என்றாள் அவர் மனைவி. "நடிக்கிறார்."