டீச்சரம்மா காலில் நரம்புச் சிலந்தி

கோகிலாம்பாள் டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். திருச்சுழிப் பக்கத்து நெசவாளர் ஊருக்கு அவள் வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஊரையே திருத்திவிடுவேன் என்று கிளம்பிவிட்டாள். காலையில் பிள்ளைகளை ஓடவிடுவாள், குதிக்கவிடுவாள். மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் நரம்புச் சிலந்திப் பாடம்.

அந்த நோய் வராத வீடே அங்கே கிடையாது. ஊருணித் தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிற புழு, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி, வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும். அந்தக் காலோடு ஊருணியில் இறங்கினால் தண்ணீரில் குஞ்சுகளை விட்டுவிடும். வடிகட்டிக் குடி, கொப்புளக் காலோடு இறங்காதே, அவ்வளவுதான் பாடம். நூலுக்கு ரேஷன் இருந்த காலம்தான். ஆனாலும் தறி வீட்டில் ஒரு துண்டுத் துணிக்கா பஞ்சம் என்று கேட்டாள். பெண்கள் குடத்து வாயில் பசை போகாத புதுத் துணியைக் கட்டிவிட்டு, தண்ணீரெல்லாம் கஞ்சி வாடை என்று சண்டைக்கு வந்தார்கள். அலசிக் கட்டச் சொல்லிச் சமாளித்தாள்.

அவர்களில் ஜக்கம்மாள் என்பவள் மட்டும் மசியவில்லை. "எங்க பாட்டன் பூட்டன்லாம் துணி கட்டியா குடிச்சாக?" என்றாள். அவள் பேச்சுக்குத் தலையாட்டப் பத்துப் பேர் இருந்தார்கள்.

பங்குனியில் டீச்சரின் குதிகாலிலேயே கொப்புளம் வந்தது. வந்த புதிதில், ஒன்றும் தெரியாமல், ஊருணித் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்த பலன். வெளியே தெரிந்தால் ஜக்கம்மாள் சும்மா விடுவாளா? குடங்களில் கட்டிய துணியெல்லாம் அன்றைக்கே அவிழ்ந்துவிடும். புடவையைத் தழைத்துக் காலை மறைத்துக்கொண்டு, குடத்தோடு ஊருணிக்குப் போனாள். கால் தீயாக எரிந்தது. தண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்தால் எவ்வளவு சுகமாக இருக்கும்!

"டீச்சர், காலைக் காட்டுங்க." மூன்றாம் வகுப்பு சௌடம்மாள் படியில் குறுக்கே நின்றாள். "நொண்டிக்கிட்டு வாரீக. நொண்டுறவுகளை இறங்க விடாதேன்னு நீங்கதான சொன்னீக."

முள் குத்திவிட்டது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. புடவையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஊருக்குப் புத்தி சொன்னவுகளுக்கே வந்திருச்சா!" என்றாள், தண்ணீர் எடுக்க வந்திருந்த ஜக்கம்மாள்.

"போன வருஷம் வடிகட்டாம குடிச்சேன், இப்ப அனுபவிக்கிறேன். இன்னைக்கு நான் இறங்குனா, அடுத்த வருஷம் நீங்க அனுபவிப்பீங்க." சொல்லிவிட்டு மேட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவமானத்தில் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரி அருப்புக்கோட்டையில் இருந்தது. அந்தக் காலோடு அவ்வளவு தூரம் போக முடியாது. சௌடம்மாளின் தாய் பாலாமணி, தறிக்கு நூல் சுற்றுகிறவள், தானே வந்தாள். "புழு அறுந்தா கால் வீங்கிரும். இழை அறாம சுத்துறதுதான எங்க பொழப்பு?" புழுவைச் சுற்றி எடுக்கும் குச்சியை வெந்நீரில் போட்டால்தான் ஆச்சு என்று டீச்சர் அந்த வலியிலும் அடம்பிடித்தாள். பாலாமணி சிரித்துக்கொண்டே, தினம் ஒரு விரற்கடை புழுவைக் குச்சியில் சுற்றினாள். டீச்சர் பெஞ்சில் காலை நீட்டியபடி பாடம் நடத்தினாள். மறைக்க ஒன்றுமில்லாததே நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு குடம் தண்ணீர் வந்தது. கொண்டுவந்தவள் ஜக்கம்மாள். நாக்கு வறண்டு கிடந்த டீச்சர் அவசரமாகச் சொம்பைக் குடத்துக்குள் விட்டாள்.

ஜக்கம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வடிகட்டாம குடிக்கப் போறீகளே, கொஞ்சமாச்சும் அறிவிருக்கா?" என்று அதட்டி, இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி இரண்டாக மடித்தாள்.

திட்டு வாங்கிய கோகிலாம்பாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.