வேலையோடு ஒரு எம்.பி.ஏ.

தேஜஸ் மேனேஜர் ஆன வாரத்தில்தான் தானும் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று ரவிக்குமாருக்குத் தோன்றியது.

ஓசூர் ரோட்டில் இருந்த ஒரு பார்சல் கிடங்கில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். தேஜஸ் அவனிடம் வேலை கற்றுக்கொண்டவன். எந்த லாரியை எந்த வாசலில் நிறுத்துவது என்பதுகூடத் தெரியாமல் வந்தவன், இப்போது கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துவிட்டான். கிடங்கின் தலைவர் பத்ரிநாத் அன்று மாலையே ரவிக்குமாரைக் கூப்பிட்டு சமாதானம் சொன்னார்.

"ரவி, தப்பா எடுத்துக்காதீங்கோ. மேனேஜர்னா எம்.பி.ஏ. இருக்கணும்னு ஹெட் ஆபீஸ்ல ரூல். நீங்க வேலை பார்த்துண்டே படிக்கலாமே. இப்போல்லாம் எவ்வளவோ இருக்கு."

எவ்வளவோ இருப்பதுதான் தொல்லையாகப் போயிற்று. வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஏதோ ஒரு இணையதளத்தில் தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டான். ஆஸ்டின் டவுனில் இறங்குவதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. மறுநாள் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோதும் அடித்தது. எல்லாரும் இனிமையாகப் பேசினார்கள். எல்லாரும் தங்களுடையதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே செய்தது என்றார்கள்.

அவர்களில் விடாமல் கூப்பிட்டவள் ரக்ஷா என்ற பெண். முதல் நாள் இங்கிலீஷில் பேசினாள். இவன் தடுமாறவும் கன்னடத்துக்கு மாறினாள். ஒருநாள் பின்னால் மகள் சங்கமித்ரா அழும் சத்தமும் குழந்தையை இவன் தமிழில் அதட்டியதும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சார், நீங்க தமிழா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே! எங்களது ஆன்லைன் எம்.பி.ஏ. சார். சாயங்காலம் லைவ் கிளாஸ். மிஸ் ஆனா ரெக்கார்டிங் பார்த்துக்கலாம். ஃபீஸ் மாசா மாசம் கட்டலாம்."

"எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி டூட்டிங்க."

"அதுக்குத்தான் சார் ஃபிளெக்ஸிபிள்."

அந்தச் சொல்லை அவன் அந்த மாதம் பலமுறை கேட்டான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒவ்வொரு அர்த்தம் இருந்தது. ஒரு கல்லூரிக்கு அது சனி, ஞாயிறு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் கிடங்கில் சரக்கு மலையாகக் குவியும் நாள். ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அது, புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நீயே படித்துக்கொள் என்பது. இன்னொரு இடத்தில் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அது பட்டம் இல்லை, சான்றிதழ்தான் என்று மெதுவாக இழுத்தார்கள்.

கூட வேலை பார்க்கும் க்ளென் விவேக் நகர்க்காரன். டீ குடிக்கும்போது அவனிடம் கேட்டான்.

"மச்சா, ஆன்லைன் வேணாம்டா. இன்டர்வ்யூல சிரிப்பானுங்க," என்றான் க்ளென்.

"யு.ஜி.சி. அனுமதி இருந்தா ஆன்லைனும் நேர்ல படிக்கிறதும் ஒண்ணுதான்னு சொல்றாங்களே."

"அப்படியா? அப்போ சேர்ந்துடு. ஸ்பெஷலைசேஷன் இன்னா எடுக்கப்போற?"

அதைப் பற்றி ரவிக்குமார் யோசித்திருக்கவே இல்லை. அன்று முழுக்க அந்தக் கேள்வி அவன் கூடவே நடந்தது. ஆபரேஷன்ஸ், பைனான்ஸ், எச்.ஆர்., அனலிடிக்ஸ். பெயர்கள் கூடக் கூட ஆசை குறைந்துகொண்டே போவது போலிருந்தது. அதை அவன் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

அவன் மனைவி மகா பிரேசர் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் பில்லிங் பார்த்தாள். பி.காம். முடித்தவள். அவன் தினமும் வந்து சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வாள், கருத்து சொல்ல மாட்டாள். ஒருநாள் ரக்ஷா ஏற்பாடு செய்த இலவச மாதிரி வகுப்பு சாயங்காலம் போனில் வந்தது. சமையல் மேடையில் சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, மகா சப்பாத்தி இட, ரவிக்குமார் பக்கத்தில் நின்று பார்த்தான். ஒரு பேராசிரியர், லாபம் வந்துகொண்டிருக்கும்போதே கம்பெனிகள் மூழ்கிப்போவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார். கிடங்கிலிருந்து க்ளென் அவனுடைய இன்னொரு போனில் கூப்பிட்டான். ரவிக்குமார் வெளியே போய், கதவு திறக்காத ஒரு லாரியைப் பற்றிப் பேசி முடித்துத் திரும்பினான்.

மகா மாவுக் கையோடு போனின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சார், எங்க ஆஸ்பத்திரில பேஷண்ட் வீட்டுக்குப் போயிடுறாரு. கணக்குல வருமானம்னு எழுதிடுறோம். ஆனா இன்சூரன்ஸ்காரங்க பணம் தர மாசக்கணக்குல ஆகுது. மருந்து வாங்க அப்போ கையில காசு இருக்காது. நீங்க சொல்றது இதுதானா?"

"இதேதான், மேடம்," என்றார் பேராசிரியர். அதற்கு என்ன பெயர், அதை எப்படிக் கணக்கிடுவது, எப்படிச் சமாளிப்பது என்று வகுப்பு முடியும்வரை அவள் கேட்டதைச் சுற்றியே பேசினார்.

அவள் முகத்தை ரவிக்குமார் பார்த்தான். கல்யாணமான புதிதில் அவளைப் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனபோதுகூட அவள் முகம் இப்படி மலர்ந்ததில்லை. அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ கையிலிருந்து நழுவியது போலவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

சில நாட்கள் போயின. பிறகு துணி காயப்போடும்போது மகா கேட்டாள்.

"ஏங்க, நீங்க சேரலைன்னா நான் சேரட்டுமா?"

"நான் சேரலைன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கேட்டேன்."

"ரெண்டு பேரும் படிச்சா பாப்பாவை யார் பாக்கிறது? ஃபீஸ் யார் கட்டுறது?"

"அதனாலதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுக் காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. முதலில் ஆசைப்பட்டவன் அவன். பதவி கிடைக்காமல் போனது அவனுக்கு. இந்த நியாயங்களையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு மறுநாள் பத்ரிநாத்தின் அறைக்குப் போனான்.

"சார், எம்.பி.ஏ. முடிச்சா எனக்கு அந்தப் போஸ்ட் கெடைக்குமா?"

பத்ரிநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேரண்டி எப்படித் தரமுடியும், ரவி? நீங்க முடிக்கறதுக்குள்ள ரூலே மாறலாம். நானே வேற எங்கயாவது போயிருக்கலாம். ஆனா படிப்பு வீண் போகாது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். உள்ளே கன்வேயர் ஓடும் சத்தம். ரக்ஷா அனுப்பியிருந்த வகுப்புப் பதிவுகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் திரையை விட்டுவிட்டு, எதிர்வாசலில் பெட்டிகளைத் தப்பாக அடுக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு எழுந்துபோய் அவர்களோடு சேர்ந்து அடுக்கினான். வகுப்பு பாக்கெட்டில் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவனுக்கு நினைவு வரவில்லை.

அந்த வாரம் மகாவின் விடுமுறை நாளில் இருவரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்துக்குப் போனார்கள். சும்மா விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான் ரவிக்குமார் சொல்லியிருந்தான். யாருக்காக என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளின் பெயர் வள்ளியம்மா. அவன் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. எல்லாப் பேப்பரையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. முடியாததை அடுத்த தேர்வில் எழுதலாம். கட்டணமும் ரக்ஷா சொன்னதைவிட வெகு குறைவு.

"ஆனா பக்கத்துல உக்காந்து யாரும் சொல்லித் தரமாட்டாங்க. தானா படிக்கிற ஆசை இருந்தாதான் முடிக்கலாம். பாதியில விட்டவங்க ஜாஸ்தி," என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "சரி, யாருக்கு?"

மகா அவனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தேர்வு அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் லேசாக அசைந்தன.

"இவங்களுக்கு," என்றான் ரவிக்குமார்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. மகா திரும்பினாள். "நெஜமாவா சொல்றீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் ரெண்டு மாசமா பைத்தியம் பிடிச்சிருக்குது. நீ எழுது."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்தது சரியா, விட்டுக்கொடுத்தோமா, தப்பித்தோமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ரக்ஷா மறுபடி கூப்பிட்டபோது, "என் ஒய்ப் வேற இடத்துல சேர்ந்துட்டாங்க," என்றான். "அப்போ நீங்க, சார்?" என்றாள் அவள். லாரி வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தான்.

பத்ரிநாத்திடம் கேட்டு நிரந்தரமாகப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். சாயங்காலங்களில் மகா படிக்க, சங்கமித்ராவின் வீட்டுப்பாடமும் சமையலும் அவன் பொறுப்பாயின. முதல் தேர்வில் மகா எழுதிய பேப்பர்களில் புள்ளியியல் மட்டும் போய்விட்டது. அன்று புத்தகத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். மறுநாள் புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் க்ளென் வீட்டுக்கு வந்திருந்தான். உள்ளே மகா ஒரு கணக்கை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேஜஸ் வேற கம்பெனிக்குப் போறானாம், மச்சா. உனக்குத் தெரியுமா?" என்றான் க்ளென். "அந்த ரூம் காலி. நீ எப்போ எம்.பி.ஏ. சேரப்போற?"

ரவிக்குமார் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு யோசித்தான். சேர வேண்டும் என்றும் தோன்றியது, வேண்டாம் என்றும் தோன்றியது.

"தெரியலடா," என்றான். "இந்தக் குழம்புக்கு உப்பு சரியா இருக்குதான்னு மொதல்ல சொல்லு."