தட்டு இருக்க வேண்டிய இடம்

ரோலண்ட் ஸ்டாகோவியக் 1967இல் தன் ஜிடிஓ என்ற வேகக் காரைப் புத்தம்புதிதாக எடுத்தபோது, அந்தக் காரின் பெருமைக்குரிய பாகம் எஞ்சினில் இல்லை. டிக்கியில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. அந்த வருடம் அப்படித்தான் அனுப்பினார்கள். பானெட்டின் நடுவே புடைத்து நிற்கும் காற்றுவாய் அடைத்தபடியே வரும். அதற்குப் பதிலாகப் பொருத்த வேண்டிய திறந்த வாய், உள்ளே வரும் காற்றைச் சிதறாமல் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் அகலமான இரும்புத் தட்டு, தட்டுக்கும் பானெட்டுக்கும் இடையே அடைக்கிற ஸ்பாஞ்சு எல்லாம் பெட்டியில் தனியாக வரும். டீலர்தான் மாட்டித் தரவேண்டும்.

அன்றைக்கு டீலரின் மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். ரோலண்டுக்கு இருபத்தொரு வயது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் வாசலிலேயே பானெட்டைத் தூக்கித் தானே மாட்டிக்கொண்டு ஓட்டிப்போனார். அன்றிலிருந்து அந்தத் தட்டு எஞ்சின் மேல்தான் இருந்தது.

எங்கள் ஊரில் இந்தக் காரைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நிஜமா, செட்டப்பா?" கேட்பவர்களையும் குறைசொல்ல முடியாது. கேட்டலாக்கைப் பார்த்துப் பாகங்களை வரவழைத்து, சாதாரணக் காரை ஜிடிஓவாக மாற்றியவர்கள் எங்கள் ஓஹையோ மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் அதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்தவருக்கு அது வேறு. பழைய கார் மன்றத்தின் நடுவர்கள் போட்டியில் பார்த்துத் தங்கம் கொடுத்தால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ரோலண்ட் விரும்பியது அவ்வளவுதான்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டதால், போன குளிர்காலத்தில் காரைப் போட்டிக்குத் தயார்செய்யும் வேலையை எடுத்துச் செய்தவர் தங்கை வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அடுத்த வீட்டுக்காரன். மாவட்ட வார இதழுக்குச் செய்தி எழுதுகிறவன். விளக்குப் பிடிக்கப் போவேன்.

தட்டு துருவேறி, ஓரம் நெளிந்து போயிருந்தது. மாட்டுத் தீவனக் கடையில் விற்கும் கரும்புப்பாகைத் தண்ணீரில் கரைத்து, வெர்னா அதை வாரக்கணக்கில் ஊறப்போட்டார். அந்த நாற்றத்துக்குப் பயந்து பூனைகூடக் கராஜுக்குள் வரவில்லை. துரு கழன்றபின் மரச்சுத்தியலால் ஓரத்தைத் தட்டி நிமிர்த்தினார். பளபளப்பு அடங்கிய பழைய கறுப்பு கிடைக்கும்வரை தகரத் துண்டுகளில் பெயின்ட் அடித்துப் பார்த்தார். மட்கிப்போன ஸ்பாஞ்சுக்குப் பதில் அதே கனத்தில் புதிது வெட்டினார். தட்டின் அடிப்பக்கத்தில், கார்புரேட்டரின் விளிம்பு அழுந்தி அழுந்தி ஒரு வளையம் விழுந்திருந்தது.

"அத மட்டும் தொடாத," என்றார் ரோலண்ட் நாற்காலியில் இருந்தபடி.

"தேச்சா போயிடும், ரோலி."

"அதுக்குத்தான் சொல்றேன்."

வெர்னா வளையத்தின்மேல் நாடா ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் பெயின்ட் அடித்தார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மாவட்டக் கண்காட்சித் திடலில் மன்றத்தின் போட்டி. நூறு மதிப்பெண்ணுக்குத் தொண்ணூற்றாறு எடுத்தால் தங்கம், அதற்குக் கீழே வெள்ளி. எங்கள் வரிசைக்கு வந்த நடுவர் கீத் ஹார்க்ரேவ். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தாதவர். கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியும் டார்ச்சுமாகக் காரின் அடியில் படுத்துப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், திருகாணியின் தலையைக்கூடப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பானெட்டைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"தட்டு எஞ்சின்ல இருக்கே, மேடம்."

"பின்ன எங்க இருக்கணும்?" என்றார் வெர்னா.

"டிக்கியில. கார் தொழிற்சாலை வாசலத் தாண்டினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படித்தான் நாங்க பாக்கறோம். இது பின்னாடி மாட்டினது."

"பின்னாடின்னா எப்ப? அண்ணன் சாவிய வாங்கினாரு, இத மாட்டினாரு, அப்புறம்தான் ஸ்டார்ட்டே பண்ணினாரு."

"அது வாசலுக்கு அப்புறம்தானே, மேடம்? அஞ்சு மார்க் போகும்."

ரோலண்ட் மடக்கு நாற்காலியில் சிரித்தார். "நல்லவேளை வெர்னா, நான் கார்ல உக்காரல. நானும் தொழிற்சாலையில இருந்து வரலயே, எனக்கும் அஞ்சு புடிச்சிருப்பாரு."

வெர்னா சிரிக்கவில்லை. இரண்டு கார் தள்ளி அதே வருடத்துக் கார் ஒன்று நின்றது. அதன் டிக்கியில், புது அட்டைப் பெட்டிக்குள், போன மாதம் கேட்டலாக்கில் வாங்கிய தட்டு இருந்தது. உரிமையாளரே அப்படித்தான் சொன்னார். வெர்னா அதை விரல் நீட்டிக் காட்டினார். "அதுக்கு எவ்வளவு குறைச்சீங்க?"

"காப்பிங்கறதால ஒண்ணு."

"காப்பிக்கு ஒண்ணு, நிஜத்துக்கு அஞ்சா? இத உங்க வீட்டம்மா கிட்ட சொல்லிப் பாருங்க, ராத்திரி சோறு கிடைக்குதான்னு பாப்போம்."

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹார்க்ரேவின் காது சிவந்தது. "விதிய நான் எழுதல. மதியத்துக்குள்ள மாத்தி வச்சா மறுபடி பாக்கறேன்."

"ஒரு அடி நகராது," என்றார் வெர்னா.

"கழட்டு," என்றார் ரோலண்ட்.

"ரோலி!"

"தங்கம் வேணும் எனக்கு. கழட்டித் தொலை. நாளைக்கு மாட்டிக்கலாம்."

வெர்னா ஸ்பானரை எடுத்தார். கழற்றும் நேரமெல்லாம் வாய் ஓயவில்லை. முப்பது வருடம் பேருந்தில் பிள்ளைகளைத் திட்டாமல் சேர்த்துவைத்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. தட்டு, ஸ்பாஞ்சு, திறந்த வாய் மூன்றையும் ஒரு தக்காளிப் பெட்டியில் வைத்து டிக்கியில் போட்டார். மழைக்கென்று டிக்கியிலேயே கிடக்கும் அடைத்த வாயை எடுத்துப் பானெட்டில் மாட்டினார். கார் எனக்கே வேறு யாருடையதோபோலத் தெரிந்தது.

ஹார்க்ரேவ் வந்தார். தட்டை எடுத்துத் திருப்பினார். டார்ச் வளையத்தின் மேல் நின்றது.

"இது ஓடின தட்டு."

"ஓடாம? கல்யாணத்துக்குப் போட்டுக்கறதா இது?"

"டிக்கியில வர்ற தட்டுல கார்புரேட்டர் தழும்பு இருக்க முடியாது, மேடம். இதுக்கும் அஞ்சு போகும். தொண்ணூத்தஞ்சு." கொஞ்சம் தயங்கினார். அவருக்கே சங்கடமாக இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க கடையில கறுப்பு ஸ்ப்ரே விக்கறாங்க. லேசா தேச்சு அடிச்சிடுங்க. நான் கடைசியா இந்தப் பக்கம் வரேன். வளையம் தெரியலன்னா தங்கம்தான்."

அவர் போனதும் வெர்னா நடந்துபோய் டப்பாவும் உப்புத்தாளும் வாங்கி வந்தார். முகம் கல்லாக இருந்தது. அண்ணன் கேட்டதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து உப்புத்தாளை மடித்தார்.

ரோலண்ட் இடது கையை நீட்டினார். "குடு இப்படி."

தட்டை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, வளையத்தின் மேல் கட்டைவிரலைச் சுற்றினார். வட்டத்தின் ஓரிடத்தில் கோடு இரட்டையாக இருந்தது. முதல் நாள் அவசரத்தில் கோணலாக மாட்டிவிட்டு, இரண்டு தெரு தாண்டி நிறுத்திச் சரிசெய்ததாக எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"இது ஒண்ணுதான்டா இந்தக் கார் நிஜம்னு சொல்லுது!" திடல் முழுக்கக் கேட்டது. எதிர் வரிசையில் ஹார்க்ரேவ் திரும்பினார். "ஆமா தம்பி, உன்னத்தான்! இத அழிச்சாத்தான் நிஜம்னு எழுதுவியா? அப்படி எழுதின காகிதத்த நான் எவன்கிட்ட போய்க் காட்டுவேன்? அந்த டப்பாவ நீயே வச்சுக்க, உன் மூஞ்சியில ஒரு சுருக்கம் இருக்கு, அடிச்சுக்க!"

யாரும் சிரிக்கவில்லை. ஹார்க்ரேவ் கையிலிருந்த மதிப்பெண் அட்டையைப் பார்த்தபடி நின்றார்.

"மாட்டு, வெர்னா. கெளம்பலாம்."

"இங்கயா? இன்னும் பரிசு குடுக்கலயே. இப்ப கெளம்பினா வெள்ளியும் போயிடும்."

"இங்கதான். அவனுங்க பாக்க மாட்டு."

வெர்னா மாட்டினார். தட்டைக் கார்புரேட்டரின் மேல் இறக்கி லேசாகத் திருப்பியதும், வளையம் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்ததுபோல் உட்கார்ந்தது. திறந்த வாய் பானெட்டில் ஏறியது, அடைத்த வாய் தக்காளிப் பெட்டிக்குப் போனது. ஸ்ப்ரே டப்பாவைத் திறக்காமலே புல்லின் மேல் நிறுத்திவைத்தோம்.

பரிசு மேடையில் மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் வாசலைத் தாண்டினோம். வெர்னா ஓட்டினார், பக்கத்தில் ரோலண்ட், நான் பின்சீட்டில். நெடுஞ்சாலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு அடைத்த வாயைத்தான் மாட்ட வேண்டும். புதுக் காரோடு வந்த குறிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. பானெட்டின் திறந்த வாய்க்குள் தண்ணீர் இறங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. எஞ்சின் ஒருமுறை விக்கியது.

"நிறுத்தி மாத்திடட்டுமா?" என்றார் வெர்னா.

"ஓட்டு."

"இருமுது, ரோலி."

"இருமட்டும். அறுபத்தேழுல இத எடுத்த அன்னிக்கும் மழைதான்."

வெர்னா கியரை ஒன்று இறக்கி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.